பெட்ரோல் போட்டுத் துடைக்கலாமா? (எரிந்த டயர் ரப்பர், வெள்ளை வண்டி, பின் பம்பர்)

கேள்வி: 8 பிப்ரவரி, இரவு 9.50
(கொருக்குப்பேட்டை வாசகர்)

நான் டிரைவர். முதலாளி வீட்டு மஸ்டாங் கார், வெள்ளை நிறம். முதலாளியின் மகன் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய், நாள் முழுக்க ஓட்டி, கடைசியில் பர்ன் அவுட் என்று டயரைச் சுழலவிட்டுப் புகையும் கிளப்பிவிட்டு வந்து நிறுத்திவிட்டார். பின் பம்பர், பின் சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கப் பேனல், எல்லா இடத்திலும் கறுப்பு கறுப்பாக ரப்பர். ஷாம்பூ போட்டும் அசையவில்லை. எங்கள் தெரு மெக்கானிக் பெட்ரோலில் துணியை நனைத்துத் தேய்த்தால் ஐந்து நிமிட வேலை என்கிறார். டீட்டெய்லிங் கடையில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். பெட்ரோலில் என்ன குறை? முதலாளி நாளை சாயங்காலம் ஊரிலிருந்து வருகிறார்.

பதில்: 8 பிப்ரவரி, இரவு 10.20

பெட்ரோல் வேண்டாம். பாட்டிலை மூடி வையுங்கள். மெக்கானிக் சொன்ன ஐந்து நிமிடம் சரிதான், அந்த ஐந்து நிமிடத்தில் பின் விளக்கும் சேர்ந்து போகும்.

சாயங்காலத்துக்குள் தாராளமாக முடிக்கலாம். காலையில் பெயிண்ட் கடை திறந்ததும் மினரல் டர்பன்டைன் ஒரு லிட்டர் வாங்குங்கள். கார் சாமான் கடையில் தார் ரிமூவர் ஸ்பிரே கிடைத்தால் அது இன்னும் நல்லது. மைக்ரோஃபைபர் துணி கைநிறைய வேண்டும், பழையதானாலும் துவைத்ததாக இருக்கட்டும். பனியன் வேஸ்ட் எடுக்காதீர்கள். இப்போது போய்த் தூங்குங்கள். ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் வெள்ளை வண்டியைத் தேய்ப்பது வம்பு.

8 பிப்ரவரி, இரவு 11.05

காரணமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் காலையில் மெக்கானிக் வந்து உங்கள் மனதை மாற்றிவிடுவார்.

டயர் ரப்பர் கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர். சார்லஸ் குட்இயர் 1839ல் கண்டுபிடித்த அந்த வேலைதான் இன்றைக்கும் அடிப்படை. ரப்பரின் நீளமான இழைகளைக் கந்தகம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைக்கிறது. அதனால் என்ன கரைப்பான் ஊற்றினாலும் அது முழுசாகக் கரைந்து ஓடாது. கரைப்பான் உள்ளே நுழையும், ரப்பர் ஊறி உப்பும், அவ்வளவுதான். ஊறிய ரப்பருக்குப் பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும் வலு இல்லை. நமக்கு வேண்டியதும் அதுதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நின்ற இடத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டால் டயரின் மேல்தோல் 200 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் முடிச்சுகள் அறுந்து, மேல் பகுதி மட்டும் பிசினாக மாறித் தெறிக்கிறது. ஆகவே உங்கள் பம்பரில் இருப்பது இரண்டு சரக்கு. ஒன்று பிசின், அது கரையும், கரைந்து கறுப்பாக இழுக்கும். இன்னொன்று டயரிலிருந்து பிய்ந்து வந்த துணுக்கு, அது ஊறும். துடைக்கிற ஆள் கறுப்பு இழுப்பதைப் பார்த்துப் பயந்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார். கீறல் விழுவது அங்கேதான். ஒவ்வொரு துணுக்கும் டிராக்கின் மணலைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

பெட்ரோல் ஊறவே நேரம் தராது. நீங்கள் துணியை மடிப்பதற்குள் பறந்துவிடும். அது பறந்ததும் ரப்பர் மறுபடி இறுகும், திரும்ப ஊற்றித் திரும்பத் தேய்ப்பீர்கள். டர்பன்டைன் மெதுவாக உலரும் சாதி. அந்த மந்தகதிக்காகத்தான் அதை வாங்கச் சொல்கிறேன்.

9 பிப்ரவரி, காலை 5.45

வேலையைத் தொடங்குவதற்கு முன்:

வண்டி நிழலில் நிற்கட்டும். பானட்டிலும் பேனலிலும் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். டிராக்கிலிருந்து வந்த அன்றே என்றால் பிரேக் டிஸ்க் ஆறும்வரை தண்ணீர் பக்கமே போகக்கூடாது. கொதிக்கிற டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும். உங்களுடையது ராத்திரி முழுக்க நின்றுவிட்டது, பிரச்சினை இல்லை.

முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். பிறகு ஷாம்பூ. கறுப்பு போகாவிட்டால் போகட்டும், மணல் போனால் போதும். பின் விளக்குகளை மாஸ்கிங் டேப்பும் பழைய செய்தித்தாளும் போட்டு மூடுங்கள். பின் சக்கரத்துக்கு ஒரு கோணியோ பாலித்தீனோ கட்டிவிடுங்கள். டர்பன்டைன் வழிந்து டிஸ்க்கிலோ பேடிலோ இறங்கினால் பிரேக் பிடிக்காது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

துணியை நனைத்துப் பேனல்மேல் ஒட்டவைத்தாற்போலப் போடுங்கள். மூன்று நிமிடம், தடித்த இடமானால் ஐந்து. உலரக் கூடாது, உலர்ந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். பிறகு துணியை எடுத்துப் பாருங்கள். துணுக்கின் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும், பளபளப்பு போய் மங்கலாக, தொட்டால் மெத்தென்று இருக்கும். அந்த நிலையில் துணிக்கு உள்ளிருந்து விரல் நகத்தால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே, அழிரப்பரால் அழிக்கும்போது உருளுமே, அதே மாதிரி உருண்டு வரும். வரவில்லையா, விட்டுவிட்டு மறுபடி துணியைப் போடுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள், ஒரே திசையில் இழுங்கள். ஒரு இழுப்புக்கு ஒரு முகம், துணியை மடித்து அடுத்த முகம்.

முடித்ததும் மறுபடி ஷாம்பூ. டர்பன்டைனின் எண்ணெய்ப் பிசுக்கு போனபிறகுதான் என்ன மிச்சம் என்று தெரியும்.

9 பிப்ரவரி, மதியம் 1.30

பேனல் இரண்டும் வெளுத்துவிட்டது, பம்பரில் சாம்பல் நிறத்தில் நிழல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிசின். துணி கறுத்துப்போய் எடுத்ததையே திருப்பிப் பூசிக்கொண்டிருக்கிறது. புதுத் துணி எடுங்கள். பம்பர் பிளாஸ்டிக், பேனல் இரும்பு, ஆனால் மேலே உள்ள பெயிண்டுக்கு ஒரே வைத்தியம்தான்.

கூடவே சின்னச் சின்னத் துருப்பிடித்த புள்ளிகள் தெரிகின்றன என்கிறீர்கள், அது ரப்பரே இல்லை. பிரேக் பேடும் டிஸ்க்கும் உராய்ந்து தெறித்த இரும்புத்தூள். வெள்ளை வண்டியில்தான் கண்ணுக்குத் தெரியும். டர்பன்டைனுக்கு அது மசியாது. அயர்ன் ரிமூவர் என்று தனியாக விற்கிறார்கள், அடித்தால் ஊதா நிறமாக வழியும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். இன்றைக்கே செய்யவேண்டிய அவசரம் இல்லை. முதலாளி பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது.

9 பிப்ரவரி, இரவு 9.15

சாயங்காலம் தப்பித்தீர்கள். நல்லது.

பின்னூட்டத்தில் ஒருவர் "இதற்கு ஏன் டர்பன்டைன், தேங்காய் எண்ணெய் போதுமே" என்று போட்டிருக்கிறார். சிரிக்கத் தேவையில்லை, அதில் விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு டயர் கம்பெனியில் கார்பன் பிளாக் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தக் கறுப்புத் தூள் டயரில் சுமார் கால் பங்கு இருக்கும், தோல் மடிப்பில் புகுந்தால் சோப்புக்கு அசையாது. ஷிஃப்ட் முடிந்து வந்தால் முதலில் உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய், அப்புறம்தான் சோப்பு என்பார். காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் கடற்கரையில் காலில் தார் உருண்டை ஒட்டினாலும் இதே கதைதான், எண்ணெயோ கிருஷ்ணாயிலோ போட்டால் வழுக்கிக்கொண்டு வரும்.

ஆக, இன்றைக்கு ஒட்டி இன்றைக்கே எடுக்கிற ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் வேலை செய்யும். ராத்திரி பூசி ஊறவிட்டுக் காலையில் எடுத்தாலும் நடக்கும். வெயிலில் காய்ந்து இறுகியதற்கு அது போதாது. வண்டி முழுக்க எண்ணெய் பூசி வடசென்னைத் தூசியில் நிறுத்தினால் காலையில் வேறொரு வேலை காத்திருக்கும்.

11 பிப்ரவரி, இரவு 10.40

"இருபது வருடமாகப் பெட்ரோலில்தான் துடைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்கிறார் இன்னொருவர். அண்ணே, உங்கள் கையில் வந்த வண்டிகளுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம், அதற்கும் காரணம் இருக்கிறது. கம்பெனியில் சூளையில் சுட்ட பெயிண்ட் வலுவானது. ஒரு தடவை பெட்ரோல் துணியால் இழுத்தால் தாங்கும். 2015 வெள்ளத்தில் முங்கிய வண்டி, 2023 மிக்ஜாம் புயலில் முங்கிய வண்டி, லாரி உரசி டிங்கரிங் பார்த்த வண்டி, இவையெல்லாம் நம் பக்கத்தில் எத்தனை ஓடுகின்றன? அதில் பாதி தெருவோர ஷெட்டில் அடித்த பெயிண்ட். என்சி (தின்னர் பறந்ததும் உலர்ந்துவிடும் நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்திருந்தால் தின்னர் பட்ட உடனே நிறம் துணியில் வந்துவிடும். 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற) பெயிண்ட் பரவாயில்லை, ஆனால் அதையும் சூடு காட்டாமல் காற்றில் உலரவிட்டு மறுநாளே டெலிவரி கொடுத்திருந்தால் நம்பமுடியாது.

எந்த வண்டியானாலும் கதவைத் திறந்து உள்விளிம்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில், துணி நுனியில் கொஞ்சம் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டி நிறம் வந்தால் அந்தக் கரைப்பானை அதோடு விட்டுவிடுங்கள்.

பின் விளக்கு பற்றிக் கேட்டீர்கள். பின் விளக்கின் கண்ணாடி கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். முன் விளக்கு பாலிகார்பனேட். தின்னர், பெட்ரோல், ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் உள்ளுக்குள் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும். அன்றைக்கே தெரியாது, வெயிலில் நிற்க நிற்கத் தெரியும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் வேறு. பழைய வண்டி விளக்கு என்றால் புதுப்பேட்டையில் தேடிப் பிடிக்கலாம். மஸ்டாங் விளக்குக்கு எங்கே போவது?

தீயைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். பக்கத்து ஷெட்டில் வெல்டிங் நடக்கும், டீ வாங்கப்போன பையன் பீடியோடு வருவான். புற்றுநோய் வரவைக்கும் பென்சீனும் அதில் உண்டு. பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஆனால் வெறுங்கையால் தினமும் தொடுகிற ஆளுக்கு அந்த ஒரு சதவீதமும் அதிகம்தான். டர்பன்டைனும் தீப்பிடிக்கும், அதற்கும் கையுறை வேண்டும். அது இவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது என்பதுதான் வித்தியாசம்.

12 பிப்ரவரி, காலை 7.10

தின்னரும் டர்பன்டைனும் ஒன்று என்று நினைத்து ஒருவர் தின்னரை வாங்கிவிட்டாராம். கடையில் "தின்னர்" என்று கேட்டால் என்சி தின்னரைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். "மினரல் டர்பன்டைன்" என்று முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள். மொத்தமாக வேண்டுமானால் நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். ஒரு வண்டிக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

12 பிப்ரவரி, இரவு 11.00

தாரா, ரப்பரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டர்பன்டைன் துணியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தார் பழுப்பாகக் கரைந்து கீழே வழியும், சீக்கிரம் முடிந்துவிடும். ரப்பர் வழியாது, துணுக்காக வரும், கூடவே கறுப்புத் தீற்றல். சக்கரத்துக்குப் பின்னால் கீழ் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தால் பெரும்பாலும் தார். சக்கரத்தைச் சுற்றி வளைவாக, மேல்நோக்கி இழுத்த வால்களோடு இருந்தால் ரப்பர். முன் பம்பரிலும் கண்ணாடியிலும் இருந்தால் அது முன்னால் போன வண்டியின் ரப்பர், உங்கள் டயர்மேல் பழி போடாதீர்கள்.

எண்ணூர்க்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று. உங்கள் வண்டிமேல் படிவது வெறும் தூசி இல்லை, அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்தது. சாம்பல் துகளில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும், பெயிண்டின் மேல் இருக்கும் நிறமில்லாத படலமான கிளியர் கோட்டைவிடக் கடினம். உலர்ந்த துணியால் காலையில் ஒரு தட்டு தட்டித் துடைக்கிற பழக்கம் இருக்கிறதே, ரப்பர் செய்யாத கெடுதலை அது செய்யும். பர்ன் அவுட் அடிக்காத வண்டிக்கும் இதே எச்சரிக்கைதான்.

15 பிப்ரவரி, இரவு 9.30

பேச்சு எங்கேயோ போகிறது, சரி, நானும் கூடவே போகிறேன். "நம்ம ஏரியாவுக்கும் ரேஸுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டவருக்கு.

இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990ல்தான் வந்தது. 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. அதற்கு முன்பு சென்னையில் ரேஸ் என்றால் சோழவரம். செங்குன்றம் தாண்டி, நம் வடசென்னைப் பக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் வண்டி விட்டார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் தொடங்கியதே அந்தக் காலத்தில்தான். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சின்ன வயதில் அங்கே வண்டி துடைக்கப் போனவர். அன்றைக்கு ஸ்பிரேயும் கிடையாது, பெயிண்டில் ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் கட்டியான கிளே பாரும் கிடையாது. கிருஷ்ணாயில், தேங்காய் எண்ணெய், பழைய வேட்டித் துணி. "ஊறப்போடுடா, தேய்க்காதே" என்று அவர் என்னைத் திட்டியது இப்போது நான் உங்களுக்கு எழுதுகிற அதே பாடம்.

அப்புறம் டயர். 1946ல் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்ய ஷெட் போட்டது திருவொற்றியூரில். அதுதான் வளர்ந்து எம்.ஆர்.எஃப். ஆனது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டருக்கு ராத்திரியில் ஃபார்முலா 4 ஓடியதே, பாரிமுனையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ரேஸ் வண்டியை ஓட்டியவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்டால் வேறு கதை. துடைத்த கைகளில் நம் பக்கத்துக் கைகளும் உண்டு.

16 பிப்ரவரி, காலை 8.00

"மணலி எக்ஸ்பிரஸ் சாலையில் ராத்திரி பர்ன் அவுட் அடிக்கலாமா" என்று கேட்டவருக்கு: அடிக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவு, பொதுச்சாலையில் ரேஸ் விட்டால் முதல் தடவை 5,000 ரூபாய்வரை அபராதம், மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், அந்தச் சாலையில் வருகிற கன்டெய்னர் லாரிக்கு உங்கள் புகைக்குள் நிற்கிற வண்டி தெரியாது.

20 பிப்ரவரி, இரவு 10.10

கிளே பார் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நேற்றுவரை "ரப்பர் எடுத்ததும் கிளே போடுங்கள்" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் எல்லா வண்டிக்கும் தேவை இல்லை. பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பேனல்மேல் தடவுங்கள், சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். வழவழப்பாக இருந்தால் கிளேயைத் தொடாதீர்கள். கிளேயும் உராய்கிற பொருள்தான், மெல்லிய கோடு விழும். வெள்ளையில் தெரியாது. கறுப்பு வண்டி இதற்கு நேர் எதிர்: ரப்பர் ஒட்டியதே தெரியாது, ஆனால் துணி பட்ட தடமெல்லாம் வெயிலில் சிலந்தி வலையாக மின்னும். கறுப்பு வண்டிக்காரர்கள் கொஞ்சம் பாவம்.

பிபிஎஃப் (பெயிண்டைக் காக்க ஒட்டும் தெளிவான பிளாஸ்டிக் படலம்) ஒட்டிய வண்டி என்றால் டர்பன்டைனை நீண்ட நேரம் ஊறப்போடாதீர்கள், அதுவும் ஓரங்களில் வேண்டவே வேண்டாம், பசை இளகி விளிம்பு தூக்கும். ஒரு நிமிடம், துடை, கழுவு, மறுபடி ஒரு நிமிடம். வினைல் ராப் (நிறம் மாற்ற ஒட்டும் படலம்) இன்னும் மோசம். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட், மேட் ராப் என்றால் பாலிஷ், கிளே இரண்டும் கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாக நிற்கும், அந்தப் பளபளப்பைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

கடைசிக் கழுவலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து போர் உப்பு. திருவொற்றியூரில் பல வீட்டில் வாயில் வைக்க முடியாது. சொட்டு காய்ந்தால் வெள்ளை வளையம், நாள்பட்டால் அது கிளியர் கோட்டை அரித்துக் குழி விடும். கடைசி இரண்டு வாளியாவது மெட்ரோ வாட்டர் பிடித்து ஊற்றுங்கள்.  லாரி தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற தெருவில் இருந்து இதை எழுதுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2 மார்ச், இரவு 8.45

கொருக்குப்பேட்டைத் தம்பி திரும்ப வந்திருக்கிறார். பம்பரில் ரப்பர் இருந்த ஒரு இடத்தில் மஞ்சளாக நிழல் தெரிகிறதாம், கழுவினால் போகவில்லையாம்.

படத்தைப் பார்த்தேன். டயர் ரப்பர் காற்றுப் பட்டு வெடிப்பு விடாமல் இருக்க ஒரு வேதிப்பொருள் சேர்ப்பார்கள். நின்ற டயர் பழுப்பேறுகிறதே, அது இந்தப் பொருள் வெளியே கசிந்து வருவதால்தான். ரப்பர் பெயிண்டோடு ஒட்டிக் கிடந்தால் அது பெயிண்டுக்குள்ளும் இறங்கும். எண்ணெய்களும் கூடவே இறங்கும். வெள்ளையில் மஞ்சள் நிழலாகத் தெரியும். மறுநாளே எடுத்துவிட்டோமே என்பீர்கள். சக்கரத்துக்குப் பின்னால், பம்பர் மடிகிற கீழ் ஓரத்தில் கொஞ்சம் விட்டுப்போய் இருக்கிறது பாருங்கள், நிழலும் சரியாக அங்கேதான் இருக்கிறது.

ரப்பிங் காம்பவுண்ட் எடுக்காதீர்கள். நைசான பாலிஷ், கையால், சின்ன ஃபோம் பேட் வைத்து. சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கம்பெனிப் பெயிண்ட் எல்லாப் படலமும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கிற கிளியர் கோட் 40, 50 மைக்ரான். வெயிலைத் தாங்குகிற சத்து அதில்தான். ஒவ்வொரு பாலிஷும் அதிலிருந்து கொஞ்சம் சுரண்டும். நிழல் லேசாக மிஞ்சினால் மிஞ்சட்டும், கீழ் ஓரத்தை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? முழுசாக வெளுக்கவைக்கிறேன் என்று மெஷினைப் போட்டு பம்பர் விளிம்பில் பெயிண்டை எடுத்துவிட்டு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது, மெஷின் ஒரே இடத்தில் நின்றால் பெயிண்ட் வெந்துவிடும்.

3 மார்ச், காலை 6.20

நேற்று சொன்ன அந்தப் பொருள் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அதன் பெயர் 6பிபிடி. காற்றில் ஓசோனோடு சேர்ந்து அது மாறும் இன்னொரு பொருள்தான் அமெரிக்க மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றது என்று 2020ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். மழை சாலையைக் கழுவி ஓடைக்குக் கொண்டுபோனதால் வந்த சாவு.

எங்கள் ஷெட்டில் டர்பன்டைன் துணியைச் சாக்கடைப் பக்கம் பிழிய விடுவதில்லை. மூடி போட்ட தகர டப்பா வைத்திருக்கிறோம். கழுவுகிற தண்ணீர் ஒரு தொட்டியில் நின்று தெளிந்து போகும், ரப்பர் துணுக்கு அடியில் தங்கும். இதெல்லாம் பெரிய சாதனை இல்லை. எதிரே பக்கிங்காம் கால்வாயில் என்னென்ன போகிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தபோது, காட்டுக்குப்பத்தில் என் மச்சானின் ஃபைபர் படகைத் துடைக்கப் போனேன். டீசல் துணி வைத்ததும் கறுப்பு கரைந்து இறங்கியது. அது ரப்பர் இல்லை, எண்ணெய், கரையும். படகு வெளுத்துவிட்டது. வலை வெளுக்கவில்லை, கண்ணி கண்ணியாக உள்ளே ஏறியிருந்தது, தூக்கிப் போட வேண்டியதாயிற்று. டீசல் துணியைப் பிழிவதற்கு அங்கேயும் தண்ணீர்தான் இருந்தது. மச்சான் "இதில் போட்டால் இனிமேல் என்ன ஆகப்போகிறது" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் துணியைப் பையில் கட்டி எடுத்துவந்தேன்.

3 மார்ச், காலை 9.00

அரசியல் பேசாதீர்கள் என்று ஒருவர். சரி. ரப்பருக்கு வருவோம்.

9 மார்ச், இரவு 10.30

கேள்விகள் மிச்சம் இருக்கின்றன, ஒரே மூச்சில்:

சைலன்சர் குழாய் முனையில் உருகி ஒட்டியது: அது பெயிண்ட் இல்லை, எஃகு. ஆறவிட்டு நைசான ஸ்டீல் ஊல், மெட்டல் பாலிஷ். குழாய் சூடாக இருக்கும்போது கரைப்பான் ஊற்றாதீர்கள்.

மட்கார்டு உள்பக்கம் கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒட்டியது: விட்டுவிடலாம். அங்கே ரப்பர் ஒட்டாத வண்டி ஓடாத வண்டி.

அலாய் வீல் உள்வளையம்: கழற்றித்தான் செய்ய வேண்டும். பேலன்ஸ் வெயிட் ஒட்டியிருக்கும் பசையில் டர்பன்டைன் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெயிட் விழுந்தால் ஸ்டியரிங் ஆடும்.

முதலாளி மகன் அடுத்த மாதம் மறுபடி டிராக்குக்குப் போகிறாராம். தம்பி, இந்தத் தடவை நீங்களும் கூடப் போங்கள். போவதற்கு முந்தின நாள் பின் பேனலிலும் பம்பரிலும் மெழுகு தடவிவிடுங்கள், கையில் இருக்கிற எந்தக் கார் வாக்ஸும் போதும். சக்கரத்துக்குப் பின்னால் அகலமான மாஸ்கிங் டேப் ஒட்டினால் இன்னும் நல்லது, ரேஸ்காரர்கள் செய்வதுதான். டிக்கியில் ஒரு கேன் தண்ணீர், தார் ரிமூவர், துணி. ஓட்டம் முடிந்து வண்டி ஆறியதும் அங்கேயே நிழலில் நிறுத்தி எடுத்துவிடுங்கள். டேப்பையும் அங்கேயே உரித்துவிடுங்கள், வெயிலில் விட்டால் பசை இறங்கும். வெளிவட்டச் சாலை வழியாக வீட்டுக்கு வருவதற்குள் வெயில் அந்த ரப்பரைச் சுட்டுவிடும், லாரித் தூசி அதன்மேல் இன்னொரு தோலாக ஒட்டும். டிராக்கில் அரைமணி நேர வேலை, வீட்டில் அரைநாள்.

அயர்ன் ரிமூவரை மட்டும் வீட்டு வாசலில் அடிக்காதீர்கள். பக்கத்து வீட்டில் முட்டை நாற்றத்துக்குப் பதில் சொல்ல முடியாது.